வாடையை வீட்டுக்குள் அடைத்த வருஷம்

எனக்கு எழுபத்தெட்டு வயது. பெற்றது ஆறு, வளர்த்தது ஏழு. கணக்கு இடிக்கிறதே என்று யோசிக்க வேண்டாம். கொழுந்தனார் மகன் ஒருவனும் என் கையால் சோறு தின்றுதான் வளர்ந்தான். ஏழு பேரையும் ஆளாக்கி நிறுத்தியிருக்கிறேன். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது.

பள்ளிக்கூடத்துப் படி மிதித்தவள் இல்லை நான். பிள்ளைகள் பலகையில் எழுதுவதைப் பார்த்துப் பார்த்து எழுத்துக்கூட்டப் பழகியவள். ஆகவே மெதுவாகத்தான் சொல்வேன். இளைப்புக்காரர்களுக்கும், இளைப்புக்காரர்களை வீட்டில் வைத்துப் பார்க்கிறவர்களுக்கும் இதைச் சொல்கிறேன். இளைப்பு (மூச்சை இழுத்தாலும் உள்ளே போகாமல், விட்டாலும் வெளியே வராமல், நெஞ்சு சீழ்க்கை அடிப்பது) வந்தவர்களுக்கு அவசரம் ஆகாது என்பது தெரியும்.

இரண்டாவது உலக யுத்தம் வருவதற்குக் கொஞ்சம் முந்திய காலம். எங்கள் ஊர் ராசிபுரத்துக்குத் தெற்கே. அப்போது நான் நான்காவது பிள்ளையைப் பெற்று எழுந்திருந்தேன். பெண் குழந்தை, செல்லம்மாள் என்று பேர். இரண்டு வருஷமாக மழை இல்லை. கிணற்றில் கயிறு நீண்டுகொண்டே போனது.

ஒரு நாள் காலையில் திருகைக்கல்லில் சோளம் உடைத்துக்கொண்டிருந்தேன். நெஞ்சுக்குள் யாரோ துணியை அடைத்தது மாதிரி இருந்தது. கை நின்றுவிட்டது.

"என்ன புள்ளே, கல்லுச் சத்தம் நின்னு போச்சு?" என்று மாமியார் அடுப்படியிலிருந்து கேட்டார்.

"மூச்சு முட்டுதுங்க அத்தை."

"புள்ளை பெத்த ஒடம்பு. மெல்லச் சுத்து."

மெல்லச் சுத்தினேன். என் கையில் கல் மெல்லச் சுற்றியது அதுதான் முதல் தடவை. இரண்டு குடத்தை இடுப்பிலும் தலையிலுமாக வைத்துக்கொண்டு, எதிரே வருகிறவர்களோடு வாயாடிக்கொண்டே கிணற்று மேட்டில் ஏறுகிறவள் நான். அதனால் எனக்கே வெட்கமாக இருந்தது.

அந்தச் சோளத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் குழிச்சோளம் தெரியாது. எங்கள் வீட்டுப் பின்வாசலில், இறுகிய சரளை மண்ணில் ஆள் உயரத்துக்கு மேல் ஆழமாக ஒரு குழி உண்டு. வாய் சிறியது, வயிறு பெரியது. அடியிலும் சுற்றிலும் சோளத்தட்டை வைத்து, நல்ல விளைச்சல் வருஷத்துச் சோளத்தை உள்ளே கொட்டி, பலகைக்கல்லால் மூடி, மண்ணைக் குழைத்துப் பூசிவிடுவார்கள். அதன்மேல் மாடு நடக்கும், பிள்ளைகள் விளையாடும். பஞ்சம் வந்தால்தான் திறப்பார்கள்.

திறந்த உடனே யாரும் இறங்க மாட்டார்கள். உள்ளே அடைபட்ட காற்று ஆளைக் கொல்லும். அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்குவார்கள். விளக்கு அணைந்தால் மேலே இழுத்துவிட்டுக் காத்திருப்பார்கள். மறுபடியும் இறக்குவார்கள். விளக்கு நின்று எரிந்த பிறகுதான் ஆள் இறங்குவது. என் வீட்டுக்காரர் எத்தனை அவசரமானாலும் அதில் மட்டும் அவசரப்பட மாட்டார்.

பிறகு அந்த வாடை. எப்படிச் சொல்வேன்! மக்கிய சோளத்தட்டும், புளித்த மாவும், மழை விழுந்த பழைய மண்ணும் ஒன்றாகக் கலந்த வாடை. வெளியாள் முகத்தைச் சுளிப்பான். எங்களுக்கு அது வயிறு நிறைகிற வாடை. குழிச்சோளச் சோற்றில் கொள்ளுச் சாற்றை ஊற்றிப் பிசைந்தால் பிள்ளைகள் சட்டியை வழித்துத் தின்பார்கள். பொண்ணு கொடுக்க வருகிறவர்கள் வீட்டுக்குள் நுழையும்போதே அந்த வாடையைப் பிடித்துவிடுவார்கள். இந்த வீட்டில் பஞ்சம் தங்காது என்று அதற்கு அர்த்தம். என் அப்பாவும் அப்படித்தான் என்னை அங்கே கொடுத்தார்.

மற்ற வருஷங்களில் எடுத்த சோளத்தை வாசலில் பரப்பி வெயிலில் காயவிடுவோம். வாடை பாதி போய்விடும். குழியின் ஓரத்திலும் அடியிலும் கிடக்கிற பூஞ்சணம் பிடித்த மணியை மாட்டுக்குப் பிரித்துவிடுவோம். அந்த வருஷம் மட்டும் மாமியார் வேறு மாதிரிச் சொன்னார்.

"வெளிய பரப்ப வேண்டாம். எல்லாம் உள்ஊட்டுக்கே போகட்டும். சன்னலை அடைங்க."

"காயாமெ எப்படீம்மா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"வாடை தெருவுக்குப் போச்சுன்னா ஊரே மொறத்தைத் தூக்கிக்கிட்டு வந்துரும். வந்து நிக்கிறவகிட்ட இல்லைன்னு சொல்ல எனக்கு வாய் வருமா? வராது. எல்லாத்துக்கும் அள்ளி உட்டுட்டா, என்ற பேரப்புள்ளைக மண்ணையா திங்கும்?"

அவர் கஞ்சத்தனத்தில் சொல்லவில்லை. கேட்டவர்களுக்குக் கொடுத்தே பழகிய மனுஷி. அதனாலேயே கேட்க ஆள் வரக்கூடாது என்று பயந்தார். சன்னலில் வைக்கோலைத் திணித்து மண்ணை வைத்துப் பூசினோம். முன்கதவைச் சாத்தியே வைத்தோம். சோளத்தை உள்வீட்டில் குவித்து, உள்வீட்டிலேயே புடைத்தோம். புடைத்தது நான்தான். தூசி புகை மாதிரி எழும்பி, போக வழியில்லாமல் என் மேலேயே இறங்கும். பச்சைப் பிள்ளைக்காரி என்று, காற்றுப் படாத அந்த அறையில்தான் எனக்கும் செல்லம்மாளுக்கும் படுக்கை.

முட்டல் இருமலானது. இருமல் இழுப்பானது. ஆடாதொடைக் கஷாயம் குடித்தேன், தூதுவளை தின்றேன், மிளகை மென்றேன். இழுப்பு நின்றபாடில்லை. காற்றுதான் காரணம் என்று கதவிடுக்கிலும் துணியைத் திணித்தார் மாமியார். வாடை எனக்குப் பிடிக்கவில்லை போல என்று, பாவம், சாம்பிராணிப் புகை வேறு போட்டார். அந்தப் புகைக்குள் உட்கார்ந்துகொண்டு நான் இரண்டு கையையும் தரையில் ஊன்றி வாயைத் திறந்து திறந்து மூடினேன். மாமியார் என் முதுகைத் தேய்த்துக்கொண்டே அழுதார். ஒருவருக்குக்கூட அந்தச் சோளக் குவியலைத் திரும்பிப் பார்க்கத் தோன்றவில்லை. அதுதான் எங்களைக் காப்பாற்றுகிற பொருளாயிற்றே!

பங்காளி வீட்டு அக்கா ஒருத்தி என்னைப் பார்க்க வந்தாள். முன்வாசலிலேயே உட்காரவைத்துப் பேசி அனுப்பினோம். போகும்போது மாமியாரின் காதில் ஒரு சொல்லைப் போட்டுவிட்டுப் போனாள். காசம் (நுரையீரலை அரிக்கிற, ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுகிற நோய், க்ஷயம் என்றும் சொல்வார்கள்). அந்தக் காலத்தில் அந்தச் சொல்லை யாரும் உரக்கச் சொல்ல மாட்டார்கள்.

சாயந்திரமே எனக்குத் தட்டும் சொம்பும் தனியாகின. மறுநாள் மாமியார் செல்லம்மாளை என் மடியிலிருந்து எடுத்தார்.

"குடுத்துருங்க அத்தை. பால் குடிக்கிற நேரமுங்க."

"வெள்ளாட்டுப் பால் காச்சி வெச்சிருக்கறேன். நீ சாளைக்குப் போ சாமி. நோவு தீரட்டும், வா."

"தீரலைன்னா?"

அவர் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார். காசம் என்று ஆகிவிட்டால் அந்தப் பிள்ளை என் கைக்குத் திரும்பி வராது என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

சாளை என்றால் காட்டில் காவலுக்குப் போடுகிற ஓலைக் கொட்டகை. மூன்று பக்கம் தட்டி, ஒரு பக்கம் திறப்பு. மேய்ச்சலுக்குப் போகும் ஆட்டுமந்தையும், தூரத்தில் போதமலையும் தெரியும். முதல் நாட்களில் நான் அழுததெல்லாம் மூச்சுக்காக இல்லை, மார்புக்காக. பால் கட்டிக் கல்லாகிவிட்டது. பீய்ச்சி மண்ணில் விட்டேன். பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் பீய்ச்சினேன்.

ஆனால் பாருங்கள், கொஞ்ச நாளில் இழுப்பு இறங்கிவிட்டது. ஒரு காலையில் எழுந்து உட்கார்ந்த பிறகுதான் இரவெல்லாம் படுத்தே தூங்கியிருக்கிறேன் என்பது எனக்குத் தெரிந்தது. சோறு கொண்டுவந்த என் வீட்டுக்காரர், நான் வரப்பில் நின்று யாருடைய மாட்டையோ அதட்டுகிற சத்தத்தைக் கேட்டுத் தூக்குச்சட்டியோடு அப்படியே நின்றுவிட்டார்.

"ஏனுங்க அப்படிப் பாக்கறீங்க?"

"கத்தறயே புள்ளே!"

"கத்துனா என்னங்க?"

"ஒண்ணுமில்லே. இன்னொருக்காக் கத்து, கேக்கறேன்."

அன்றைக்கே வீட்டுக்குக் கூட்டிப்போனார். பிள்ளையை வாங்கி அணைத்தேன். விளக்கேற்றுவதற்குள் நெஞ்சு மறுபடியும் சீழ்க்கை அடிக்க ஆரம்பித்துவிட்டது. மாமியார் என் கையிலிருந்து பிள்ளையை வாங்கிக்கொண்டார். இந்தத் தடவை அவர் முகத்தில் அழுகை இல்லை.

"காட்டுல கெடந்தா இழுக்கலே. ஊட்டுக்குள்ள வந்தா இழுக்குது. இது நோவா, வேலைக்குச் சாக்கா?"

இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேச்சு வாங்கியிருக்கிறேன். அந்த ஒரு பேச்சுதான் என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. காசமா இல்லையா என்று தெரிந்தாக வேண்டும் என்று ஒரே பிடியாக நின்றேன்.

ராசிபுரம் வரைக்கும் மாட்டுவண்டி, அங்கிருந்து சேலத்துக்கு மோட்டார் பஸ். ஆஸ்பத்திரி நடையில் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். ஒவ்வொருவர் இருமலும் ஒவ்வொரு மாதிரி இருந்தது. பினாயில் வாசம். அந்த வாசத்திலும் என் மூச்சு நன்றாகத்தான் போய் வந்தது. அதை அப்போது நான் கவனிக்கவில்லை.

டாக்டரம்மா மாதா கோயிலுக்குப் போகிற குடும்பம். கழுத்தில் சின்னச் சிலுவை போட்டிருந்தார். ஸ்டெதாஸ்கோப்பை (நெஞ்சில் வைத்து உள்ளே கேட்கிற குழல்) முதுகில் வைத்து வெகுநேரம் கேட்டார். கோழையைப் பரிசோதனைக்கு எடுத்தார் (கோழையைக் கண்ணாடியில் தடவி, பூதக்கண்ணாடிக் குழலில் காசக் கிருமி தெரிகிறதா என்று பார்ப்பது). முடிவு வரும்வரை ஒரு சொந்தக்காரர் வீட்டில் தங்கினோம். மறுபடி போனபோது சிரித்துக்கொண்டே சொன்னார்.

"காசம் இல்லைம்மா. இது இளைப்பு. யாருக்கும் ஒட்டாது. குழந்தைக்குத் தாராளமா பால் கொடு."

நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன்.

"அழாதே. நான் கேக்கறதுக்குப் பதில் சொல்லு. எங்கே இருந்தா மூச்சு நல்லா வருது?"

"சாளையிலங்க. இங்கயும் நல்லாத்தான் இருக்குதுங்க."

"வீட்டுக்குள்ளே?"

"ஊட்டுக்குள்ள போனா இழுக்குதுங்க."

"அப்போ வீட்டுக்குள்ளே என்ன இருக்கு? ஈரச் சுவரா? மக்கின வைக்கோல், பழைய தானியம், அந்த மாதிரி வாடை ஏதாவது?"

நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். "அதெல்லாம் ஒண்ணுமே இல்லீங்க. சுத்தமான ஊடுங்க."

பஞ்ச வருஷத்தில் எங்கள் பக்கத்து ஆள் வேறெப்படிச் சொல்வான்? வீட்டில் தானியம் இருக்கிறது என்று டாக்டரிடம்கூடச் சொல்லிவிடக் கூடாது. சேலத்திலிருந்து அந்த அம்மாள் முறத்தை எடுத்துக்கொண்டு வந்துவிடுவாள் என்று நினைத்தாரோ என்னவோ! டாக்டரம்மா எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். மாத்திரை கொடுத்தார் (மூச்சுக்குழாயை விரித்துவிடுவது). "இது இழுப்பை நிறுத்தும். இழுப்பு எங்கேயிருந்து வருதோ, அதை நிறுத்தாது. அதை நீங்கதான் பார்க்கணும்" என்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் சன்னலோரம் உட்கார்ந்தேன். முகத்தில் காற்று அடித்தது. இழுத்தேன், போனது. விட்டேன், வந்தது. டாக்டரம்மா 'பழைய தானியம்' என்று சொன்னபோது இவர் ஏன் அத்தனை அவசரமாக மறுத்தார் என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

"ஏனுங்க, அது சோளமுங்க" என்றேன்.

அவர் சுற்றும்முற்றும் பார்த்தார். "மெல்லப் பேசு."

"அதுதான் என்னைக் கொல்லுதுங்க."

"எனக்கும் அங்கயே தோணுச்சு. அம்மாகிட்ட யாரு சொல்றது?"

"நானே சொல்லிக்கிறனுங்க."

வீட்டுக்குப் போனோம். நான் உள்ளே போகவில்லை. வாசற்படிக்கு வெளியிலேயே நின்றுகொண்டேன். உள்ளே செல்லம்மாள் அழுதுகொண்டிருந்தாள். காசம் இல்லை என்று என் வீட்டுக்காரர் சொன்னதும் மாமியார் கையெடுத்துக் கும்பிட்டார். "அப்பொறம் என்ன, உள்ள வா" என்றார்.

"வரமாட்டனுங்க அத்தை."

"ஏன்?"

"குழிக்குள்ள ஆளை எறக்கறதுக்கு முந்தி வெளக்கு உட்டுப் பாக்கறீங்க. வெளக்கு அணைஞ்சா உங்க மகனை எறங்க உடமாட்டீங்க. அதே காத்தைக் கொண்டாந்து உள்ஊட்டுல அடைச்சு, அதுல என்னையும் புள்ளையையும் படுக்க வெச்சீங்களே. எனக்கு வெளக்கு உட்டுப் பாத்தீங்களா?"

அதுவரைக்கும் மாமியாரை நான் எதிர்த்துப் பேசியதில்லை. அவர் வாசற்படிக்கு வந்து, "நானும் அதுக்குள்ளதானே கெடக்கறேன்? எனக்கு என்ன ஆச்சு? இவனுக்கு என்ன ஆச்சு?" என்றார்.

"உங்க நெஞ்சு வேறங்க அத்தை. என்ற நெஞ்சு நான் வாங்கி வந்தது."

உள்ளே பிள்ளை வீரிட்டது. மாமியார் திரும்பிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே போனார். சன்னல் பூச்சை உலக்கையால் இடிக்கிற சத்தம் தெரு வரைக்கும் கேட்டது. வைக்கோல் வெளியே வந்து விழுந்தது. அதோடு அந்த வாடையும் வந்தது.

மறுநாள் பட்டப்பகலில் சோளம் முழுவதையும் வாசலில் பரப்பச் சொன்னார். சொன்னது மாதிரியே பெண்கள் ஒவ்வொருத்தியாக முறத்தோடு வந்து நின்றார்கள். மாமியார் யாருக்கும் இல்லை என்று சொல்லவில்லை. ஒளித்துவைத்திருந்தோம் என்று ஒப்புக்கொள்வாரா? அதுவும் இல்லை.

"என்ற மருமவ மூச்சுக்கு மாரியாத்தாகிட்ட நேந்துக்கிட்டது. குழி தொறந்தா ஊருக்குக் குடுக்கறேன்னு. வாங்கிக்குங்க, வாங்கிக்குங்க" என்று அளந்து போட்டார். அப்படி ஒரு நேர்த்தி இருந்தது எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். சிரிப்பு வந்தது. சிரித்தேன், இருமாமல் சிரித்தேன்.

மழை வருவதற்கு முன்பே குழிச்சோளம் தீர்ந்துவிட்டது. கடைசி மாதங்களில் பிள்ளைகள் ஒரு வேளைக் கூழோடு படுத்தார்கள். அதையும் சொல்லாமல் விட்டால் இது பொய்க்கதை ஆகிவிடும். மாமியார் சாகிறவரைக்கும், நான் கொஞ்சம் குரலை உயர்த்தினால் போதும், "உன்ற மூச்சு ஒரு குழிச்சோளம் தின்னுச்சுடீ, மெல்லப் பேசு" என்பார். பக்கத்திலிருப்பவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

உள்வீட்டுக்கு எதிரெதிரே இரண்டு சன்னல் வைத்தார்கள். சுவருக்குப் புதிதாகச் சுண்ணாம்பு அடித்தோம். தரையை இடித்துக் காயவிட்டுப் புதுமண் போட்டு மெழுகினோம். அப்படியும் இழுப்பு ஒரே நாளில் போகவில்லை. அந்தத் தை வரைக்கும் நான் வெளிவாசலில்தான் படுத்தேன். மாத்திரை குறைந்தது, பிறகு நின்றது.

செல்லம்மாளை என் மார்பில் போட்டபோது அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு மாமியாரைத் தேடி அழுதாள். ஆட்டுப்பாலுக்குப் பழகிவிட்டாள். எனக்கும் பால் வற்றிவிட்டது. நோய் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டு திருப்பித் தராதது அது ஒன்றுதான். இன்றைக்கு அவளுக்கே பேரன் இருக்கிறான். இருந்தாலும் அவள் ஊருக்குப் புறப்படுகிற ஒவ்வொரு தடவையும் என் மார்பு ஒருமுறை கனத்து இறங்கும்.

இதைப் படிக்கிறவர்களுக்குச் சொல்ல நினைப்பது கொஞ்சம்தான். மக்கல் வாடை இருக்கிற வீட்டில் ஊதுபத்தியும் சாம்பிராணியும் வாடையை மறைக்குமே தவிர எடுக்காது. புகை வேறு சேர்ந்துகொள்ளும். பெட்டிக்குப் பின்னால், பாய்க்கு அடியில், மழை ஒழுகிய மூலையில் மூக்கை வைத்துப் பாருங்கள். வெயில் படவேண்டியதை வெயிலில் போடுங்கள். ஒரே வீட்டில் நான்கு பேர் சும்மா இருக்க, ஐந்தாவது ஆளுக்கு மட்டும் இழுத்தால், சாக்கு என்று சொல்லாதீர்கள். அந்த ஆள் எங்கே போனால் நன்றாக இருக்கிறாள் என்று பாருங்கள். டாக்டர் கேட்டால் வீட்டு மானத்தைப் பார்க்காமல் உள்ளதைச் சொல்லுங்கள்.

இப்போது அந்தப் பக்கம் யாரும் குழி வைப்பதில்லை. எங்கள் குழியையும் மண் போட்டு மூடி, மேலே முருங்கை வைத்தாகிவிட்டது. சோளம் விதைப்பவர்களே குறைந்துபோனார்கள். ஒன்று சொன்னால் சிரிப்பீர்கள். அந்த வாடையை இன்னொரு தடவை முகர வேண்டும் என்று எனக்கு ஆசை. அடைமழைக் காலத்தில் எந்த வீட்டிலாவது பழைய சாக்கை உதறினால், அதில் ஒரு துளி வரும். வாயில் எச்சில் ஊறும், கொள்ளுச்சாறு ஞாபகம் வரும், என் வீட்டுக்காரர் விளக்கைக் கயிற்றில் இறக்கிக் குனிந்து பார்க்கிற முதுகு தெரியும். அதே நேரம் நெஞ்சு பயந்து இறுகும். கால் தானாக வாசலைப் பார்த்து நடக்கும். ஆசைப்படுகிறவளும் ஓடுகிறவளும் ஒருத்தியேதான்.

மற்றவர்கள் வயதை வருஷத்தில் எண்ணுகிறார்கள். எனக்கு அது பிடிபடவில்லை. படுத்துத் தூங்கிய இரவுகள், உட்கார்ந்து கழித்த இரவுகள் என்று இரண்டு விதமாகத்தான் என் காலம் தெரிகிறது. ஒவ்வொரு காலையிலும் கண் திறக்கிறதற்கு முன்னால் ஒரு மூச்சை மெல்ல இழுத்துப் பார்ப்பேன். போனால் சரி, எழுந்திருப்பேன்.

இந்தா சாமி, பேத்தி, எழுதியாயிற்று. மொத்தத்தையும் எனக்குக் கேட்கிற மாதிரி உரக்கப் படி. வேகமாகப் படிக்காதே. படிக்கும்போது எந்த இடத்தில் உனக்கு மூச்சு வாங்குகிறதோ, அங்கே நிறுத்தி எனக்குக் காட்டு. அந்த வாக்கியத்தை நான் இரண்டாக வெட்டிவிடுகிறேன். இதைப் படிக்கப்போகிறவர்களுக்கு உன் அளவுக்கு மூச்சு இருக்காது.